பொட்டு வைத்த தோட்டா

அக்கா, நீங்க எங்க மலைப்பக்கத்து ஆள் இல்லையே? இல்லை, சும்மாதான் கேட்டேன். எங்க ஊர்க்காரங்க என்றால் எழுந்து அந்தப் புங்க மரத்தடிக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். தப்பாக நினைக்காதீங்க. தெரிந்த முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. தெரியாத முகத்தைப் பார்த்தாலும் வராதுதான். ஆனால் இன்றைக்கு வந்தே ஆக வேண்டும்.

உங்க கேஸை எப்போது கூப்பிடுவார்கள்? மத்தியானத்துக்கு மேலேயா? அப்படியானால் ஒரு உபகாரம் கேட்கட்டுமா? நீங்க ஒன்றும் செய்ய வேண்டாம். ஜட்ஜம்மா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டால் போதும். எங்க வக்கீல் சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். ஆனால் பேப்பரை உள்ளே கொண்டு போகக் கூடாதாம். ஜட்ஜம்மா தனி ரூமில் உட்கார வைத்துக் கேட்பார்களாம், மனசிலிருந்து வருகிற மாதிரி சொல்ல வேண்டுமாம். "கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகும்மா" என்றார். எங்க வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அகலம். கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது. ஆட்டிடம் சொல்லிப் பார்த்தேன். அது என் கையில் இருந்த தழையைத்தான் பார்த்தது.

சொல்லட்டுமா?

"என் பேரு நாகஜோதிங்க. வீட்டுக்காரர் பேரு செல்லக்காமு. தோட்டாவை அடைச்சது நான்தாங்க. வெத்துத் தோட்டாவுக்குப் பொட்டு வைக்க மாட்டேன், ரவை போட்டதுக்குப் பொட்டு வைப்பேன். அன்னைக்கி எங்க பாப்பா டப்பாவுக்குள்ள கைய விட்டு ஒரு தோட்டாவுல இருந்த பொட்டைப் பிச்சிருச்சுங்க. அது அவருக்குத் தெரியாது. வெத்துத் தோட்டான்னு நெனச்சு எடுத்துட்டுப் போனாருங்க. பொறவு நான் பாத்தப்ப பொட்டு பாப்பா கை... கை..."

பாருங்க. இங்கேதான். எல்லாம் மளமளவென்று வந்துவிடுகிறது, இந்த இடத்துக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நேற்று ராத்திரியும் இப்படித்தான், இன்றைக்கு பஸ்ஸிலும் இப்படித்தான்.

உங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, இல்லையா? முகத்திலேயே தெரிகிறது. சரி, முதலில் இருந்து சொல்கிறேன். அப்படிச் சொன்னாலாவது அந்த இடம் வழுக்கிக்கொண்டு வருகிறதா பார்ப்போம்.

எங்க ஊர் மலையில் இருக்கிறது. பன்னிரண்டு வீடு. சௌசௌப் பந்தல் போடுவோம், அவரை போடுவோம். போட்டதில் பாதி பன்றிக்கு, கால்வாசி காட்டுமாட்டுக்கு, மிச்சம்தான் சந்தைக்கு. அதனால் என் மாமனார் காலத்திலேயே பயிர்க் காவலுக்கு என்று லைசென்சு வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஒற்றைக் குழல் துப்பாக்கி. மாமனார் போன பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மேல்பங்கு எங்க வீட்டுக்காரருக்கு, கீழ்ப்பங்கு அவர் தம்பி பொன்ராமுவுக்கு. கிணறு கீழ்ப்பங்கில் விழுந்துவிட்டது. துப்பாக்கியைப் பிரிக்க முடியுமா, அது மூத்தவர் பேருக்கு வந்தது. "கெணறு சின்னவனுக்கு, துப்பாக்கி பெரியவனுக்கு" என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்போது சிரிக்கிற பேச்சாகத்தான் இருந்தது.

கடையில் விற்கிற தோட்டாவுக்கு மதுரைக்குப் போக வேண்டும். லைசென்சுப் புத்தகத்தில் எழுதி இத்தனைதான் என்று கொடுப்பார்கள். காட்டுமாடு அந்தக் கணக்கைப் பார்த்தா வருகிறது? அதனால் சுட்ட கூட்டை எறிய மாட்டோம். பித்தளைக் கூடு அக்கா, நல்ல கனமாக, சின்ன டம்ளர் மாதிரி இருக்கும். துடைத்து வைத்து வீட்டிலேயே மறுபடி அடைப்போம். கல்யாணமாகி வந்த புதிதில் அவர்தான் அடைத்துக்கொண்டிருந்தார். அவர் விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய். வெடிமருந்து பாதி உள்ளே போகும், பாதி பாயில் கொட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கையை நீட்டினேன். வாயால் கேட்கவில்லை, கையைத்தான் நீட்டினேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். "பூக்கட்டுற வெரலு, இதுக்கும் தோதாத்தான் இருக்கு" என்றார்.

அதிலிருந்து அது என் வேலை. அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். மருந்துக்கு மேலே வைத்து இறுக்குவதற்கு வட்டமாக அட்டை வெட்ட வேண்டும். அதற்குக் கல்யாணப் பத்திரிகைதான் நல்லது, நல்ல கெட்டி அட்டை. எங்க கல்யாணப் பத்திரிகை மிச்சம் ஒரு கட்டு கிடந்தது, மஞ்சளும் சிவப்புமாக. அதெல்லாம் அப்படித்தான் போனது.

இதிலே இரண்டு வகை. பன்றிக்கு ரவை, அதுதான் பொடி ஈயக் குண்டு, போட்டு அடைப்பது ஒன்று. ஐயோ, பன்றியைப் பற்றிப் பேசக் கூடாது என்று வக்கீல் சார் சொன்னாரே. பன்றியை விட்டுவிடுங்க. ரவை போட்டது ஒன்று. இன்னொன்று வெற்றுத் தோட்டா, ரவை கிடையாது, வெறும் சத்தம். காட்டுமாட்டை விரட்ட அதுதான். அதன் மேலே காயம் பட்டால் பாரஸ்ட்டுக்காரர்கள் ஊரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டும் வாயை மெழுகு ஊற்றி மூடிவிட்டால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எனக்கு எது எது என்று குழம்பும். அதனால் நானே ஒரு வேலை செய்தேன். மெழுகு ஆறுவதற்குள் ரவைத் தோட்டா ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வைத்து அழுத்திவிடுவேன். சிவப்புப் பொட்டு. ஆறின பிறகு மெழுகோடு மெழுகாகப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் கிள்ளினால்தான் வரும்.

அவர் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார். "ஏ புள்ள, பொட்டு வச்சவ கொல்லுவா, பொட்டில்லாதவ கத்திட்டு மட்டும் போயிருவா, அப்படித்தான?" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். "எனக்கு என்னத்துக்குப் பொட்டு, கையில வச்சாத் தெரியாதா?" என்பார். நிஜமாகத்தான் அக்கா. ரவை கனக்கும், வெற்று காற்று மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொள்வார், நான் ஒவ்வொன்றாகக் கையில் வைப்பேன், ஒரு தூக்குத் தூக்கிவிட்டு "ரவை", "வெத்து", "ரவை" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. அப்போது பாப்பா பிறக்கவில்லை. எங்களுக்கு அதுதான் விளையாட்டு.

அவர் நல்ல மனுசன் அக்கா. இந்தக் கோர்ட்டில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், என் மேல் ஒரு விரல் பட்டதில்லை. கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். நானும் பேச மாட்டேனா, வீடு அது பாட்டுக்கு இருக்கும்.

பேசுகிறவர் பொன்ராமுதான். என் கொழுந்தன். வாசலில் நுழையும்போதே, "மதினி, இன்னைக்கி வாயத் தெறந்தீங்களா இல்லையா? நீங்க ஒரு வார்த்தை பேசுனா மலையில மழை எறங்கும், சௌசௌ காயுது, கொஞ்சம் பேசுங்க" என்பார். பாப்பாவைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் வீட்டுக்காரி சுகந்தி... அதோ, அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் பச்சைச் சேலை. இந்தப் பக்கம் பார்க்காதீங்க. பார்த்துவிட்டீங்களா. சரி.

போன ஐப்பசியில் கீழ்ப்பங்கை ரிசார்ட்டுக்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று பொன்ராமு சொல்லிவிட்டார். கீழ்ப்பங்கு போனால் கிணறும் போய்விடும். கிணறு போனால் எங்க பந்தலுக்கு மேகம்தான் தண்ணி ஊற்ற வேண்டும். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் சாப்பிட்டார், எழுந்தார், சாப்பிட்டார், எழுந்தார். அத்தைதான், என் மாமியார், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தது.

அன்றைக்குக் காலையில் இவர் இல்லாத நேரம் பொன்ராமு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, "மதினி, அண்ணன் என் மொகத்தைப் பாக்க மாட்டேங்குறாரு. நீங்களாச்சும் சொல்லுங்க. கெணத்தை நான் விக்கல. கெணறும் கெணத்துக்குப் போற பாதையும் அண்ணன் பேருக்குன்னு எழுதிட்டுத்தான் மிச்சத்தைக் குடுப்பேன். பத்திர ஆபீசுல சொல்லியாச்சு. ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க மதினி" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டினேன் அக்கா. ஆட்டிவிட்டுச் சொல்லவில்லை.

மத்தியானம் இவர் சோற்றுக்கு வந்தார். சொல்லலாம், சொல்லலாம் என்று குழம்பை ஊற்றினேன். மோரை ஊற்றினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஆம்பிளைகள் காரியத்தில் நாம் என்ன பேசுவது, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் இங்கே, தொண்டைக்குக் கீழே இருக்கிறது. சோறு இறங்கும்போதெல்லாம் அதில் இடித்துக்கொண்டுதான் இறங்குகிறது.

சாயங்காலம் நாலரை இருக்கும். அடைத்த தோட்டாக்களைத் துடைத்து பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம், தவழுகிற வயசு. உலை பொங்குகிற சத்தம் கேட்டது, டப்பாவை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். வெளி அடுப்பு எங்களுக்கு. மூடாமல் போனேன். அதுதான் என் தப்பு. பாப்பா டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் கஞ்சி வடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டுக்குள்ளே வருகிற சத்தம் கேட்டது. பாப்பாவைக் கொஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒரு வாரமாகப் பேசாத மனுசன், கொஞ்சுகிறாரே என்று எனக்கு இங்கே சந்தோசமாக இருந்தது. பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கீழே அளவுக் கல் நட ஆள் வந்திருந்தார்கள். பொன்ராமு கிணற்றடியில் நின்றிருந்தார். மேகம் இறங்கிவிட்டது, ஆள் உருவம்தான் தெரியும். இவர் கத்தின சத்தம் கேட்டது. பொன்ராமு, "அண்ணே, மதினி சொல்லலையா? மதினிகிட்டச் சொன்னேனே" என்று சிரிப்பு மாதிரி ஏதோ சொன்னதும் கேட்டது. அப்புறம் வெடி.

வெற்றுத் தோட்டாவுக்கும் ரவைத் தோட்டாவுக்கும் சத்தமே வேறு அக்கா. அடைக்கிற கைக்குத் தெரியும். கஞ்சிப் பானையை அப்படியே போட்டுவிட்டேன்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதுதான் பார்த்தேன், பாப்பா நெற்றியில் பொட்டு. சிவப்புப் பொட்டு. குழந்தைக்கு நான் கறுப்பு மைதான் வைப்பேன், கன்னத்தில். இது நடு நெற்றியில், அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. அடியில் மெழுகு ஒட்டியிருந்தது. சரிதான், டப்பாவில் இருந்து பிய்த்திருக்கிறது என்று அந்த ஓட்டத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பாவி, மூடாமல் வந்தேனே என்று ஓடினேன்.

பொன்ராமு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "மதினி, பாப்பாவ உள்ள கொண்டு போங்க. பயந்துக்கும்" என்றார். மூன்று நாள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாலாம் நாள் உடம்பைத்தான் கொண்டு வந்தார்கள்.

இவர் அன்றைக்கே தானாக ஸ்டேசனுக்குப் போய்விட்டார். "மெரட்டத்தான் போனேன், வெத்துத் தோட்டான்னு நெனச்சுத்தான் போட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். இப்போது எல்லாம் அதில்தான் நிற்கிறது. தெரிந்து போட்டார் என்றால் ஆயுள். தெரியாமல் போட்டார் என்றால் இரண்டு மூன்று வருசத்தில் வந்துவிடலாம். வக்கீல் சார் இப்படி இரண்டு கையையும் தராசு மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார். நடுவில் என் வாய் இருக்கிறதாம். தோட்டா அடைத்ததற்கு என் மேலும் கேஸ் வரும். "கைக்கொழந்தைக்காரி, ஜட்ஜம்மா பாவம் பாப்பாங்க. வந்தா பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை அக்கா. நான்தானே அடைத்தேன். மூடாமல் போனதும் நான்தானே. ஜெயிலில் போடட்டும். பாப்பாவை உள்ளே வைத்துக்கொள்ள விடுவார்களாமே, நிஜமா?

ஜெயிலுக்கு மனுப் போட்டு முதல் தடவை பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். தாடி வளர்ந்து ஆளே உருக்குலைந்து போயிருந்தார். நான் அழுதுகொண்டே நிற்கிறேன், எனக்கு என்ன பேச வரும். அவர்தான் முதலில் பேசினார். "பாப்பா நெத்தியில இருந்த பொட்டை என்ன செஞ்ச?" என்றார். அவ்வளவு துன்பத்திலும் பிள்ளை நெற்றியில் இருந்த பொட்டு அவருக்கு ஞாபகம் இருக்கிறது பாருங்க. எனக்கு இன்னும் அழுகை வந்துவிட்டது. "எடுத்துத் தூர எறிஞ்சுட்டேன்" என்றேன். "நல்லது" என்றார். அப்புறம், "வக்கீல் சொல்றபடி சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத" என்றார். நான் எதைச் சேர்க்கப் போகிறேன், இருப்பதைச் சொல்லவே வாய் வரவில்லை.

வக்கீல் சாரும் அப்படியே சொன்னார். "பொட்டு நெத்தியில இருந்துச்சுன்னு சொல்லாதம்மா. கையில ஒட்டியிருந்துச்சுன்னு சொல்லு" என்றார். "நெத்தியிலதாங்க சார் இருந்துச்சு" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "உனக்கு உன் புருசன் வேணுமா வேணாமா?" என்றார். படித்தவர், காரணம் இல்லாமலா சொல்வார். கையோ நெற்றியோ, பிய்த்தது பாப்பாதானே, எங்கே இருந்தால் என்ன? அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பாருங்க, அந்த ஒரு சொல்தான் வர மாட்டேன் என்கிறது. பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பதால் இருக்கும். பழகிக்கொள்ள வேண்டும்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டது. "ஒரு புள்ளைய மண்ணுக்குள்ள வச்சுட்டேன். இன்னொண்ணு ஒன் வாயில இருக்குடி" என்றது. அது அங்கே ஆலமரத்துப் பிள்ளையாரிடம் நின்றுகொண்டிருக்கிறது.

இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன் அக்கா. நீங்க கேள்வி கேட்பது மாதிரி பாருங்க, அது போதும். "...டப்பாவுக்குள்ள கைய விட்டு ஒரு தோட்டாவுல இருந்த பொட்டைப் பிச்சிருச்சுங்க. பொறவு நான் பாத்தப்ப..." ஏய், ஏய் பாப்பா, விடு, விடு. என் பொட்டைப் பிய்த்துவிட்டது பாருங்க. துப்பு. வாயைத் திற. திற கண்ணு. ஆ... இந்தா வந்துவிட்டது. மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணி இருக்கிறதா அக்கா உங்களிடம்? கொஞ்சம் கொடுங்க, விரலைக் கழுவிக்கொள்கிறேன்.

இதனுடைய வழக்கமே இதுதான். எது கையில் கிடைத்தாலும் வாய்க்குத்தான். பிறந்ததிலிருந்து இப்படித்தான். பொட்டு, பட்டன், புளியங்கொட்டை, எதுவும் அடுத்த நிமிசம் வாயில் இருக்கும். எட்டு மாதத்தில் இதைவிட மோசம், மண்ணைக்கூட விடாது. கையில் பிடித்தது ஒன்றுகூட வாய்க்குப் போகாமல்...

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

இல்லை. இருங்க. ஒன்றும் சொல்லாதீங்க.

நகத்தால் கிள்ளினால்தான் வரும் அது. இதன் நகத்தை நான் பல்லால் கடித்தே எடுத்துவிடுவேன், முகத்தைக் கீறிக்கொள்ளும் என்று. அன்றைக்கும் எடுத்திருந்தேன். குளிப்பாட்டிவிட்டு எடுத்தேன்.

கொஞ்சுகிற சத்தம் கேட்டதே. நான் வெளியே கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன்.

நான் அவரிடம் சொல்லவே இல்லையே அக்கா. ஜெயிலுக்குப் பார்க்கப் போகிற வரைக்கும், பாப்பா நெற்றியில் பொட்டு இருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓடும்போதுதான் நானே பார்த்தேன், அந்த ஓட்டத்திலேயே பிய்த்து எறிந்துவிட்டேன். அவர் அதற்குள் கீழே கிணற்றடியில் இருந்தார். ஜெயிலில் அவர்தான் முதலில் கேட்டார். நெத்தியில இருந்த பொட்டை என்ன செஞ்ச என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் அக்கா. ரவை, வெத்து, ரவை என்று. ஒரு தடவைகூட...

தண்ணியை வைத்துக்கொள்ளுங்க, எனக்கு வேண்டாம்.

நான் இப்போது என்ன செய்வேன்? அத்தை முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போவேன்? எங்க அப்பன் வீட்டில் ஒரு பாய்கூட எனக்கு இல்லை. இதற்கு அப்பா வேண்டாமா? நாளைக்கு இது வளர்ந்து வந்து, எங்கப்பாவை நீதானே உள்ளே வைத்தாய் என்று கேட்டால்? கை என்று சொல்லிவிட்டால் போச்சு. ஒரு சொல். ஒரே எழுத்து. கை. இதோ, இப்போது தனியாகச் சொன்னால் வருகிறதே. கை. கை.

ஆனால் அந்த மனுசன் சேற்றில் உட்கார்ந்துகொண்டு, பாப்பாவை உள்ளே கொண்டு போகச் சொன்னாரே அக்கா. பயந்துக்கும் என்றாரே.

யாரையோ கூப்பிடுகிறார்கள். என்னையா? நாகஜோதி என்றா சொன்னார்? வக்கீல் சார் அதோ வருகிறார், கையைக் காட்டுகிறார். மூன்று தடவைதான் கூப்பிடுவார்களாம். இது இரண்டாவது.

பாப்பாவைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறீங்களா? இல்லை, வேண்டாம். தூக்கிக்கொண்டே போகிறேன். சேலை சரியாக இருக்கிறதா பாருங்க. பொட்டு? இருக்கட்டும், பொட்டில்லாமலே போகிறேன்.

ஒரே ஒரு தடவை அக்கா. ஜட்ஜம்மா மாதிரி கேளுங்க. பொட்டு எங்கம்மா இருந்துச்சு என்று கேளுங்க. வாயைத் திறந்து கேளுங்க அக்கா, எனக்காக.

"நெத்தியிலங்க. நடு நெத்தியில இருந்துச்சு."

பார்த்தீங்களா, திக்கவே இல்லை.